ஒரே ஒரு கோடை

ஹாம்ப்ஷயர் கவுண்டிக் கிரிக்கெட் கழகத்தின் சாதனை ஏட்டில் அடுத்தடுத்து அமைந்த இரண்டு பழைய வரிகள் உண்டு. ஆறாம் விக்கெட்டுக்கு 411 ஓட்டங்கள்: போரும் வின்யார்டும், சாமர்செட்டுக்கு எதிராக, டாண்டன், 1899. ஏழாம் விக்கெட்டுக்கு 325 ஓட்டங்கள்: பிரவுனும் ஆபர்கிராம்பியும், எசெக்ஸுக்கு எதிராக, லெய்டன், 1913. இந்நால்வருள் மூவர் படைத்துறை அதிகாரிகள். போரும் வின்யார்டும் தரைப்படையினர், ஆபர்கிராம்பி கடற்படையினர். ஜார்ஜ் பிரவுன் ஒருவரே ஆட்டத்தால் பிழைத்தவர்.

இவர்களுள் மிகக் குறைந்த காலம் ஆடியவர் ஆபர்கிராம்பி. ஹாம்ப்ஷயருக்காக அவர் ஆடியவை 13 ஆட்டங்கள். அவை யாவும் 1913ஆம் ஆண்டின் ஒரே கோடையில் அடங்கியவை. அதற்கு முந்திய ஆண்டுகளில் கடல் அவரை விடவில்லை. பிந்திய ஆண்டுகளில் போர் விடவில்லை. அந்த ஒரு கோடைக்கு முன்னும் பின்னும் விரிந்து கிடக்கும் வாழ்க்கையைக் காணாமல் அந்த 325ஐ மட்டும் காண்பது பாதிக் கணக்கைப் படிப்பதாகும்.

சிசில் ஹாலிடே ஆபர்கிராம்பி 1886ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் பீகாரின் முசாபர்பூரில் பிறந்தார். தந்தையார் இந்தியப் போலீஸ் துறையில் பணியாற்றியவர். அவுரிச் சாகுபடியும் அதை நடத்திய வெள்ளைத் தோட்ட முதலாளிகளும் நிறைந்திருந்த பகுதி அது. பிற்காலத்தில் இந்தியர் அவ்வூரை நினைவிற் கொள்ளும் காரணமோ முற்றிலும் வேறு. 1908 ஏப்ரல் 30ஆம் நாள் அங்கே வீசப்பட்ட வெடிகுண்டும், அதற்காகத் தூக்கு மேடை ஏறிய குதிராம் போசும் அவ்வூரின் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றனர். அப்போது ஆபர்கிராம்பிக்கு வயது 22. பிறந்த ஊரைவிட்டு அகன்று நெடுநாளாகியிருந்தது. ஆங்கிலேய இந்தியாவில் பணிபுரிந்தோர் தம் பிள்ளைகளைச் சிறு பருவத்திலேயே தாய்நாட்டுப் பள்ளிகளுக்கு அனுப்பிவிடுவது வழக்கம். கில்ட்ஃபோர்டில் தொடக்கக் கல்வி, பின்னர் பெர்க்ஹாம்ஸ்டெட் பள்ளி என அவர் வளர்ந்தார். நாவலாசிரியர் கிரஹாம் கிரீன் பின்னாளில் படித்த பள்ளி என்றே பெர்க்ஹாம்ஸ்டெட்டை இலக்கிய வாசகர் அறிவர்.

பள்ளியிலிருந்து அவர் சென்ற இடம் 'பிரிட்டானியா'. அந்நாளில் அது கட்டடம் அன்று. டார்ட்மவுத்தில் டார்ட் ஆற்றில் நங்கூரமிட்டு நிறுத்தப்பட்டிருந்த பழைய மரக்கப்பல். 14, 15 வயதுச் சிறுவர்கள் அதிலேயே உண்டு, உறங்கி, கயிறு கட்டவும் விண்மீன் பார்த்துத் திசை கணிக்கவும் கற்றனர். அங்கிருந்து தேறியவர்கள் 'மிட்ஷிப்மன்' என்னும் நிலையிற் கப்பலேறுவர். மீசை அரும்புமுன் போர் காண்பர்.

ஆபர்கிராம்பியும் அவ்வாறே கண்டார். 1904 ஏப்ரலில் சோமாலியாவின் கரையிலுள்ள இல்லிக் என்னும் சிறு துறையை ஆங்கிலக் கடற்படை தாக்கிக் கைப்பற்றியது. கிழக்கிந்திய நிலையத்தைச் சேர்ந்த 'ஹயசிந்த்' என்னும் கொடிக்கப்பலின் தலைமையில் நடந்த தரையிறக்கம் அது. திரிகோணமலைத் துறைமுகத்தை முதன்மைத் தளமாகக் கொண்டிருந்த நிலையம் கிழக்கிந்திய நிலையம். இல்லிக்கில் இறங்கியோருள் 18 வயதை எட்டிய ஆபர்கிராம்பியும் ஒருவர். அப்போருக்குரிய பதக்கமும் பெற்றார். எதிரே நின்றவர்கள் சையது முகமது அப்துல்லா ஹசனின் ஆட்கள். ஆங்கிலேயர் 'பித்துப் பிடித்த முல்லா' என இகழ்ந்த அம்மனிதரைச் சோமாலிய மக்கள் தம் மொழியின் தலைசிறந்த கவிஞருள் ஒருவராக இன்றும் போற்றுகின்றனர். போர்க்களத்துச் செய்திகளைக் கவிதையாகவே கட்டி வாய்மொழியாகப் பரப்பியவர் அவர். 20 ஆண்டுகளுக்கும் மேலாக ஆங்கிலேயருக்குப் பணியாமல் நின்று 1920இல் மறைந்தார். ஒரு கவிஞரின் படைக்கு எதிராகத் தொடங்கிய கடல் வாழ்வு வேறொரு கவிஞரின் கப்பலருகே முடிய இருந்தது என்பதை அந்த இளைஞர் எங்ஙனம் அறிவார்!

கரையில் இருந்த காலங்களில் அவர் முதலிற் பெயர் பெற்றது ரக்பி ஆட்டத்தில். போர்ட்ஸ்மவுத்தின் படைத்துறை அணிக்கும் லண்டன் ஸ்காட்டிஷ் அணிக்கும் ஆடிய அவரை ஸ்காட்லாந்து தேர்ந்தெடுத்தது. 1910 முதல் 1913 வரை ஆறு பன்னாட்டு ஆட்டங்கள். அவற்றுள் ஒன்று ரக்பி வரலாற்றில் நிலைத்துவிட்டது. 1911 ஜனவரி 2ஆம் நாள் பாரிஸை அடுத்த கொலோம்ப் திடலில் ஸ்காட்லாந்தை பிரான்ஸ் 16க்கு 15 என்ற கணக்கில் வென்றது. ஐந்து நாடுகள் போட்டியில் பிரெஞ்சுக்காரர் பெற்ற முதல் வெற்றி அது. தோற்ற அணிக்காக 'டிரை' எடுத்த மூவரில் ஆபர்கிராம்பி ஒருவர். 1913 புத்தாண்டு நாளில் மீண்டும் பாரிஸ் சென்றபோது ஸ்காட்லாந்து 21க்கு 3 என எளிதாக வென்றது. ஆனால் நடுவரின் தீர்ப்புகளால் வெகுண்ட கூட்டம் ஆட்டம் முடிந்ததும் கலவரத்தில் இறங்கியது. அதனாற் சினந்த ஸ்காட்லாந்து அடுத்த ஆண்டு பிரான்சுடன் ஆடவே மறுத்துவிட்டது. விளையாட்டுக்காக முறைத்துக்கொண்ட அவ்விரு நாடுகளின் இளைஞர்களும் 1914 ஆகஸ்டில் ஒரே பக்கம் நின்று சாக வேண்டியவர்களானார்கள்.

கிரிக்கெட்டில் அவருடைய திறம் முதலில் வெளிப்பட்டது படைகளுக்கிடையேயான ஆட்டங்களில். 1910இல் தரைப்படைக்கு எதிராகக் கடற்படைக்கு ஆடி 37, 100 என ஓட்டங்கள் எடுத்தார். 1912 முதல் லார்ட்ஸ் திடலில் நடந்த தரைப்படை–கடற்படை ஆட்டம் முதல்தரத் தகுதி பெற்றது. எனினும் ஆண்டுக்கு ஓர் ஆட்டத்தால் ஒருவர் ஆட்டக்காரர் ஆகிவிட முடியாது. கிரிக்கெட் அன்றாடப் பழக்கத்தால் வளர்வது. நாள்தோறும் காலையில் மட்டையைப் பிடிப்பவனுக்கே கண்ணும் காலும் ஒன்றுபடும். கடற்படை அதிகாரிக்கோ ஒரு கப்பற்பணி ஈராண்டோ மூவாண்டோ நீளும். அது முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு இடையில் கிடைப்பதே கரை வாழ்வு. அந்த இடைவெளியும் கோடையில் அமைய வேண்டும். பனிக்காலத்தில் விடுப்பு வாய்த்தால் ரக்பி உண்டு, கிரிக்கெட் இல்லை.

அத்தகையோருக்கு இடங்கொடுத்த கவுண்டி ஹாம்ப்ஷயர். பிறப்பாலோ ஈராண்டுக் குடியிருப்பாலோ தான் ஒருவர் ஒரு கவுண்டிக்கு ஆடலாம் என்பது அந்நாளைய விதி. ஹாம்ப்ஷயரின் எல்லைக்குள் போர்ட்ஸ்மவுத் கடற்படைத் தளமும் ஆல்டர்ஷாட் பாசறையும் இருந்தமையால், உலகின் எம்மூலையிற் பிறந்த அதிகாரிக்கும் அங்கே ஒரு முகவரி வாய்ப்பது எளிதாயிற்று. மேற்சொன்ன போர் என்பவர் இந்தியாவிற் பணியாற்றிய குதிரைப்படை அதிகாரி. 1899இல் இரண்டே மாதம் ஆடி 91.23 என்ற சராசரியை விட்டுவிட்டு, தென்னாப்பிரிக்கப் போருக்குச் சென்றார். மத்திய இந்தியாவின் மோவ் பாசறையிற் பிறந்து பம்பாயில் ஐரோப்பியர் அணியின் தூணாக விளங்கிய கிரெய்க், விடுப்பில் இங்கிலாந்து வந்தபோதெல்லாம் ஹாம்ப்ஷயருக்கு ஆடினார். ஹாம்பிள் ஆற்றில் 'மெர்க்குரி' என்ற பயிற்சிக் கப்பலை நடத்திச் சிறுவர்களைக் கடற்பணிக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்த சி. பி. ஃபிரையும் இதே கவுண்டிக்குத்தான் ஆடினார். வருவதும் போவதுமாக இருந்த இவர்களை நம்பி ஓர் அணியை நடத்துவது எளிதன்று. ஒரு திங்கள் வலுவான அணி. மறு திங்கள் பாதிப் பேர் கப்பலில். இடையறாது நின்று பாரம் சுமந்தோர் பிலிப் மீடு, ஜார்ஜ் பிரவுன், அலெக் கென்னடி முதலிய தொழில்முறை ஆட்டக்காரர்களே. வரலாற்று நூல்கள் விடுப்பில் வந்தோரின் சதங்களைக் கொண்டாடும் அளவுக்கு இவர்களின் பாட்டைச் சொல்வதில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும்.

1913இல் ஆபர்கிராம்பிக்குக் கோடை வாய்த்தது. வயது 27. சவுதாம்ப்டனில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஹாம்ப்ஷயருக்கு முதன்முறை ஆடினார்; 126, 39. கவுண்டிக்கு முதல் ஆட்டத்திலேயே சதம் எடுப்பது அரிது. தொடர்ந்து வூஸ்டர்ஷயருக்கு எதிராக 144. பின்னர் லெய்டன்.

லெய்டன் கிழக்கு லண்டனில் எசெக்ஸ் கவுண்டியின் தலைமைத் திடலாக விளங்கியது. ஏழாம் விக்கெட்டைப் பொறுத்தவரை அத்திடலுக்கு ஏற்கெனவே ஒரு பெருமை உண்டு. 1902இல் அங்கேதான் சசெக்ஸ் அணியின் ரஞ்சித்சிங்ஜியும் வில்லியம் நியூஹாமும் எசெக்ஸுக்கு எதிராக ஏழாம் விக்கெட்டுக்கு 344 ஓட்டங்கள் சேர்த்தனர். ரஞ்சி எடுத்தவை 230. உலக அளவில் அச்சாதனை 1955 வரை நின்றது. பதினோராண்டு கழித்து அதே திடலில், அதே எதிரணிக்கு எதிராக, அதே ஏழாம் விக்கெட்டுக்குப் பிரவுனும் ஆபர்கிராம்பியும் 325 சேர்த்தனர்.

ஏழாம் விக்கெட் இணையாட்டத்தின் அருமை ஆட்டம் அறிந்தோர்க்குப் புரியும். தலைசிறந்த மட்டையாளர் அனைவரும் வெளியேறிய பின்னர், பந்து வீச்சாளர்கள் மட்டையைப் பிடிக்க வரும் தறுவாயில் நிகழ்வது அது. அன்று ஹாம்ப்ஷயர் இரண்டாம் இன்னிங்ஸ் ஆடிக்கொண்டிருந்தது. ஆபர்கிராம்பி 165 ஓட்டங்கள் எடுத்தார். பிரவுன் 140 எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். ரஞ்சி–நியூஹாம் கணக்குக்கு 19 குறைவு.

அவ்விருவரும் அன்று ஆடுகளத்தில் அடுத்தடுத்து ஓடினார்களேயன்றி, களத்துக்கு வந்த வழி ஒன்றன்று. ஆபர்கிராம்பி 'ஜென்டில்மேன்', ஆட்டத்துக்கு ஊதியம் பெறாதவர். பிரவுன் 'பிளேயர்', ஆட்டமே கூலி. அக்காலத்து இங்கிலாந்தில் இருசாராருக்கும் உடைமாற்றும் அறைகள் வேறு. பல திடல்களில் களத்துக்குள் நுழையும் வாயிலும் வேறு. அச்சிட்ட ஆட்டப் பட்டியலிற் கூடப் பெயர் எழுதும் முறை வேறுபட்டது. 1962இல்தான் இப்பாகுபாட்டை ஒழிக்க முடிவு செய்தனர். ஆக்ஸ்ஃபோர்டை அடுத்த கவுலியிற் பிறந்த பிரவுன், தேர்வுக்காகத் தம் தகரப் பெட்டியுடன் அங்கிருந்து சவுதாம்ப்டன் வரை ஏறத்தாழ 60 மைல் நடந்தே வந்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. மெய்யோ மிகையோ, அவரைப் பற்றி அப்படியொரு கதை எழுந்ததே அவர் வந்த வழியைக் காட்டும். ஒருவர் போர்க்கப்பலின் மேல்தளத்திலிருந்து விடுப்பில் வந்தவர். மற்றவர் விடுப்பே இல்லாதவர். 325 ஓட்டங்கள் சேரும் வரை வாயில்களின் வேற்றுமைக்கு அங்கே வேலையிருக்கவில்லை.

பருவம் முடிந்தபோது ஆபர்கிராம்பியின் கணக்கு 936 ஓட்டங்கள், சராசரி 40.69. கடற்படைக்கு ஆடியவற்றையும் சேர்த்தால் 16 முதல்தர ஆட்டங்களில் 1,126. எண்ணிக்கையாற் பெரிதன்று. ஆனால் ஆண்டுக்கணக்கில் கடலில் இருந்துவிட்டு வந்து, முதல் கோடையிலேயே மூன்று சதங்களுடன் நாற்பதுக்கு மேற்பட்ட சராசரி பெற்றவர்கள் அக்காலத்தில் அதிகம் இலர். இன்னும் நான்கைந்து கோடைகள் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று கணிப்பதிற் பயனில்லை. போர் வராதிருந்தாலும் கடற்படை அவருக்கு நான்கைந்து கோடைகளை ஒருசேரக் கொடுத்திராது. 1914இல் அவர் மத்தியதரைக் கடலுக்கு அனுப்பப்பட்டார். அவ்வாண்டு ஹாம்ப்ஷயருக்கு ஆடவில்லை.

அவருடைய இறுதிக் கப்பலின் பெயர் 'டிஃபென்ஸ்'. பெம்புரோக் கட்டுதுறையில் 1907 ஏப்ரல் 27ஆம் நாள் நீரில் இறக்கப்பட்ட கவசக் குரூசர், 14,600 டன், 9.2 அங்குலப் பீரங்கிகள் நான்கு, 7.5 அங்குலப் பீரங்கிகள் பத்து. 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தில்லி தர்பாருக்காகக் கடல் வழியே இந்தியா வந்தபோது துணைவந்த போர்க்கப்பல்களுள் அதுவும் ஒன்று. பார்வைக்குக் கம்பீரமானது, ஆனால் பிறக்கும்போதே முதுமை எய்தியது. அது நீரில் இறங்குவதற்கு இரு வாரங்களுக்கு முன்னர்தான் 'இன்வின்சிபிள்' என்ற புதுவகைப் போர்க் குரூசர் இறக்கப்பட்டிருந்தது. 12 அங்குலப் பீரங்கிகளும் மிகுந்த வேகமும் கொண்ட அவ்வகை வந்தவுடன், பழைய கவசக் குரூசர்கள் முன்வரிசைப் போருக்கு உதவா என்பது கடற்படையினர் அறிந்ததே. அறிந்தும் அவற்றை வரிசையில் வைத்திருந்தனர். கட்டிய கப்பலை விட்டுவிட எந்த அரசுக்கும் மனம் வராது.

அக்கப்பலுக்கு ஒரு பழியும் உண்டு. 1914 ஆகஸ்டில் மத்தியதரைக் கடலில் 'கோபன்' என்ற ஜெர்மன் போர்க் குரூசரை மறித்திருக்க வேண்டியது 'டிஃபென்ஸ்' கப்பலிற் கொடி பறக்கவிட்டிருந்த தளபதி டிரப்ரிட்ஜின் பொறுப்பு. எதிரியின் வலிமை தம் கப்பல்களைவிட மிகுதி எனக் கருதி அவர் பின்வாங்கினார். 'கோபன்' துருக்கி சென்று சேர்ந்தது. இராணுவ நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் எனத் தீர்ப்பளித்தாலும், கடற்படை அவரை மன்னிக்கவில்லை. போர் முடியும்வரை வேறொரு கடற்பணி அவருக்குக் கொடுக்கப்படவில்லை. 1915இல் அதே கப்பலில் கொடி ஏற்றிய அடுத்த தளபதி சர் ராபர்ட் அர்பத்நாட். குத்துச்சண்டை, மோட்டார் சைக்கிள் பந்தயம் ஆகியவற்றில் பெருவிருப்புடையவர், கட்டுப்பாட்டில் இரக்கமற்றவர். டிரப்ரிட்ஜ் செய்ததைத் தாம் ஒருபோதும் செய்வதில்லை என்ற எண்ணம் அவருள் ஊறியிருந்தது எனக் கடற்போர் வரலாற்றாசிரியர் சிலர் கருதுவர். டிரப்ரிட்ஜின் கணக்குச் சரியானதே என்பதும், அதை மறுக்கப் புறப்பட்டவரின் வீரத்துக்கு விலை கொடுத்தோர் வேறு பலர் என்பதும் ஈண்டு எண்ணத்தக்கன.

1916 மே 31. டென்மார்க்கின் ஜட்லாந்துத் தீபகற்பத்துக்கு மேற்கே இரு நாட்டுக் கப்பற்படைகளும், ஏறத்தாழ 250 கப்பல்கள், சந்தித்தன. மாலை ஆறு மணியைக் கடந்த வேளை. புகையும் மூடுபனியும் கலந்து, எதிரி எங்கே என்று தெரியாத நிலையில் ஜெலிகோவின் பெரும்படை நெடுவரிசையாக விரிந்துகொண்டிருந்தது. இரு படைகளுக்கும் நடுவே 'வீஸ்பாடன்' என்ற சிறிய ஜெர்மன் குரூசர் இயந்திரம் சிதைந்து அசைவற்றுக் கிடந்தது. அதை முடித்துவிட எண்ணி அர்பத்நாட் 'டிஃபென்ஸ்', 'வாரியர்' இரண்டையும் முழு வேகத்திற் செலுத்தினார். தளபதி பீட்டியின் 'லயன்' கப்பலின் முன்பாகவே குறுக்கிட்டுப் பாய்ந்தார். 'லயன்' மோதாமல் திரும்பிக்கொள்ள நேர்ந்தது. 'வீஸ்பாட'னை நெருங்கிச் சுட்டுக்கொண்டிருந்தபோது மூடுபனி விலகியது. ஜெர்மன் பெருங்கப்பல்கள் மிக அண்மையில் நின்றன.

அவற்றின் பீரங்கிகள் திரும்ப நேரமாகவில்லை. மாலை 6.20 மணியளவில் 'டிஃபென்ஸ்' வெடித்தது. பக்கவாட்டுப் பீரங்கிகளுக்கு வெடிமருந்து கொண்டுசெல்லக் கப்பலின் நீளவாக்கில் அமைக்கப்பட்ட நடைவழிகளின் ஊடே நெருப்பு ஓர் அறையிலிருந்து மறு அறைக்குப் பரவியிருக்க வேண்டும் என்பது பின்னாளைய ஆய்வு. பார்த்தோர் கண்டது தீப்பிழம்பு, பின்னர் புகை; புகை விலகியபோது வெறும் கடல். 900க்கு மேற்பட்டோர் இருந்த கப்பலில் ஒருவரும் தப்பவில்லை. அர்பத்நாட்டும் மாண்டார், லெப்டினன்ட் ஆபர்கிராம்பியும் மாண்டார். அவருக்கு வயது 30. உடன் சென்ற 'வாரியர்' நொறுங்கியபோதிலும் அதன் மாலுமிகளிற் பெரும்பாலோர் மீட்கப்பட்டனர். கப்பல் மறுநாள் மூழ்கியது. இரு வாரம் முன்பிறந்த 'இன்வின்சிபிள்' கப்பலும் அதே மாலை, 'டிஃபென்ஸ்' மறைந்து கால் மணிக்குள், இரண்டாகப் பிளந்து மூழ்கிற்று. ஆங்கிலேயரில் 6,094 பேரும் ஜெர்மானியரில் 2,551 பேரும் அப்போரில் இறந்தனர்.

அர்பத்நாட் துரத்திய 'வீஸ்பாடன்' அவருக்குப் பின்னும் சில மணி நேரம் மிதந்தது, இரவில் மூழ்கியது. உயிரோடு கரை சேர்ந்தவர் ஒரே ஒரு தீயறைத் தொழிலாளர். இறந்தோருள் ஒருவர் யோஹான் கினாவ். எல்பா ஆற்றுத் தீவொன்றில் மீனவர் குடியிற் பிறந்து, கோர்க் ஃபோக் என்ற புனைபெயரில் கடலோடிகளின் வாழ்வை எழுதிப் புகழ் பெற்ற ஜெர்மன் எழுத்தாளர், கவிஞர். அவருக்கு வயது 35. கடலைப் பாடிய அவரையும், விடுப்பில் மட்டை பிடித்த ஆபர்கிராம்பியையும் ஒரே அந்தி கொண்டுபோயிற்று. அவர் உடல் சுவீடன் கரையில் ஒதுங்கியதால் ஒரு கல்லறையாவது வாய்த்தது. ஆபர்கிராம்பிக்கு அதுவும் இல்லை.

ஹாம்ப்ஷயர் கழகத்துக்கு அது முதல் இழப்பன்று. 1914 பருவத்தில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகள் எடுத்த ஆர்தர் ஜாக்ஸ் 1915 செப்டம்பரில் லூஸ் போரில் இறந்தார். கழகத்தின் செயலாளராக நெடுநாள் விளங்கிய பிரான்சிஸ் பேக்கன், கொழும்பிற் பிறந்தவர். நாற்பத்தாறு வயதிற் கடற்படையின் துணைப்பிரிவிற் கணக்கு அலுவலராகச் சேர்ந்து, 1915 அக்டோபரில் தம் கப்பல் கண்ணியிற் சிக்கி மூழ்கியபோது மாண்டார். முசாபர்பூர், ஷாங்காய், கொழும்பு என மூவரும் பிறந்த ஊர்களைப் பார்த்தால் ஆங்கிலப் பேரரசின் வரைபடமே விரியும். லெய்டனின் முந்திய சாதனையாளர் ரஞ்சித்சிங்ஜியும் அப்போரில் நவநகரின் மன்னராக ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்து பிரான்சு சென்றவர். 1915இல் விடுப்பில் வேட்டையாடுகையில் நேர்ந்த விபத்தில் ஒரு கண்ணை இழந்தார். கிரிக்கெட்டின் ஆண்டு நூலான 'விஸ்டன்' அந்நாட்களில் ஆட்டக் கணக்குகள் மெலிந்து இரங்கற் குறிப்புகளால் நிறைந்து வெளிவந்தது. ஆபர்கிராம்பிக்குரிய குறிப்பும் அவற்றிடையே ஒன்று.

ஆட்டம் 1919இல் மீண்டும் தொடங்கியபோது பிரவுன் இருந்தார். இங்கிலாந்துக்காக 7 டெஸ்ட் ஆட்டங்கள், அவற்றில் விக்கெட் காப்பாளராக. ஹாம்ப்ஷயருக்காக 1933 வரை. 1922இல் எட்ஜ்பாஸ்டனில் வார்விக்ஷயருக்கு எதிராக ஹாம்ப்ஷயர் 15 ஓட்டங்களுக்குச் சுருண்ட பின்னர், மறு இன்னிங்ஸில் அவர் 172 எடுத்துத் தோல்வியைத் தலைகீழாக்கினார். 155 ஓட்ட வித்தியாசத்தில் ஹாம்ப்ஷயர் வென்றது. லெய்டனில் அன்று ஒரு முனையைக் காத்து நின்ற மனிதர் எத்தகையவர் என்பதை இங்கிலாந்து அப்போதுதான் முழுமையாக உணர்ந்தது.

போர்ட்ஸ்மவுத்திலிருந்து விடுப்பில் வரும் மட்டையாளர்களின் வரிசையும் அறவே நின்றுவிடவில்லை. அவர்களுள் ஒருவர் ஜான் மேனர்ஸ். முதல் உலகப் போர் தொடங்கிய சில வாரங்களில், 1914 செப்டம்பர் 25ஆம் நாள் பிறந்தவர். 1936இல் ஹாம்ப்ஷயருக்கு முதல் ஆட்டம் ஆடி 81 எடுத்தார். அவருக்கும் கடல் குறுக்கிட்டது. பின்னர் போரும் குறுக்கிட்டது. 1945 ஏப்ரலில் அவர் தலைமையேற்றிருந்த 'வைஸ்ராய்' என்ற நாசகாரிக் கப்பல் வடகடலில் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கியை அழித்தது. அதன் சிதைவிலிருந்து மேலே வந்த பிராந்திப் புட்டிகளிற் சில பிரதமர் சர்ச்சிலுக்கு அனுப்பப்பட்டன. மேனர்ஸ் திரும்பி வந்தார். மீண்டும் மட்டை எடுத்தார், வாழ்நாளில் 21 முதல்தர ஆட்டங்களே ஆடினார், நான்கு சதங்கள். ஆபர்கிராம்பியின் கணக்கோடு வைத்துப் பார்த்தால் ஆட்டங்கள் ஐந்து கூடுதல், ஓட்டங்கள் முப்பத்தாறு கூடுதல். ஏறத்தாழ ஒரே அளவு. ஆனால் மேனர்ஸ் 2020 மார்ச்சில் மறைந்தபோது அவருக்கு வயது 105. முதல்தர ஆட்டக்காரருள் அவ்வளவு நீண்ட காலம் வாழ்ந்தவர் அதுவரை எவருமிலர்.

'டிஃபென்ஸ்' தூள்தூளாயிற்று என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. வெடிப்பை நேரிற் கண்டவர்கள் அவ்வாறே எழுதியிருந்தனர். 2001இல் கடலடித் தொல்லியலாளர் இன்னஸ் மெக்கார்ட்னி வடகடலின் அடியில் அதை ஆராய்ந்தபோது, கப்பல் பெரும்பாலும் தன் வடிவம் கெடாமலே கிடந்தது. 2006இல் அதைப் போர்வீரர் துயிலிடமாக அறிவித்துப் பாதுகாத்தனர்; உள்ளே எவரும் புக அனுமதியில்லை.